பூட்டன் பெயரைக் கேட்ட சட்டம்

கண்டி நகரின் மஹியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரின் கல்லறை இருக்கிறது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867-ஆம் ஆண்டில், பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் இந்நாட்டின் முதல் வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்டவர் அவர். 1892-ஆம் ஆண்டு மே மாதத்தில் இறந்தார். அவருடைய பெயரும், தோட்டத்தின் பெயரும், இறந்த நாளும், வயதும், செய்த தொண்டும் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவரது சடலத்தைத் தோட்டத்திலிருந்து கண்டி வரை மலைப்பாதை வழியே தொழிலாளர்கள் முறைமாற்றிச் சுமந்து வந்தனர் என்பர். சுமந்தோர் இருபத்து நான்கு பேர் என்றும் சொல்லப்படுகிறது. அந்த இருபத்து நால்வரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களைப் பற்றி எஞ்சியது ஓர் எண் மட்டுமே.

பெயருக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவரிடம் அவரவர் குடும்பத்தின் வமிச விருட்சத்தை எழுதி வருமாறு சொன்னோம். வரலாற்றுப் பாடத்துக்கு முன்னுரையாக இருக்கட்டும் என்பதே எம் எண்ணம். நகரத்து வர்த்தகர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து தலைமுறை எழுதி வந்தார்கள். ஹந்தானை மலைச் சரிவிலிருந்து நடந்து வரும் மாணவன் ஒருவன் மூன்று கோடுகள் வரைந்திருந்தான். முதற் கோட்டில் தந்தையின் பெயர். இரண்டாவதில் தாத்தாவின் பெயர். மூன்றாவது கோடு வெறுமையாக இருந்தது. “ஏன் தம்பி எழுதவில்லை?” என்று கேட்டோம். “தாத்தாவுக்கே தெரியாது, சேர்” என்றான்.

நாமும் ஒரு லயத்து அறையிலே பிறந்தவர்தாம். அந்த வெறுங்கோடு எமது வீட்டிலும் உண்டு. அதை நிரப்பலாமா என்று அன்று தேடத் தொடங்கினோம்.

முன்னோரைத் தேடுவோர் உலகெங்கும் இரு களஞ்சியங்களை நாடுவர். ஒன்று பழைய குடிசன மதிப்பீடு; மற்றது நீதிமன்றங்களில் உள்ள மரணசாதன வழக்கேடுகள். இங்கிலாந்தில் குடிசன மதிப்பீட்டின் வீட்டுப் படிவங்களை நூறு ஆண்டுகள் கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. இன்ன தெருவில், இன்ன வீட்டில், இன்னார், இன்ன வயதில், இன்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்பதை அங்கே ஒருவர் தம் கண்ணாலேயே காணலாம்.

இலங்கையிலும் குடிசன மதிப்பீடு பழைமை வாய்ந்ததே. பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் வரிசை 1871-இல் தொடங்கியது. அவ்வாண்டில் நாட்டின் மக்கள் தொகை 2,400,380. 1901-ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் துயரம் கண்டு, ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறையிலிட்ட சட்டப் பிரிவுகளை நீக்கப் பாடுபட்டவரும் அவரே. 1911-ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிவினை முதன்முதல் வகுக்கப்பட்டது. முன்னவர் 528,024; பின்னவர் 530,983.

இத்தொகுதிகளை நாம் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மாவட்ட வாரியாக, வயது வாரியாக, பிறந்த நாடு வாரியாக, தொழில் வாரியாக அட்டவணைகள் நிரம்பியிருக்கின்றன. ஓர் ஆளின் பெயரும் இல்லை. ஐந்து இலட்சத்து முப்பதாயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து மூவருள் எம் பூட்டனார் ஒருவராக இருந்திருப்பார். அந்தக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தில் அவர் ஒன்றாக நிற்கிறார் என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாமேயன்றி, அவரைக் காண முடியாது.

இரண்டாவது களஞ்சியத்துக்கு வருவோம். ஒருவர் சொத்து வைத்து இறந்தால், சட்டம் குறித்த மதிப்புக்கு அது மேற்படுமானால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குத் தொடரப்பட வேண்டும். 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை இதற்கு விதி வகுத்தது. இறந்தவரின் பெயர், அவருடைய மனைவி மக்களின் பெயர், காணி, வீடு, நகை, கடன் யாவும் அந்த ஏட்டில் ஏறும். ஆகவே வரலாற்றாசிரியர்க்கு இதைவிடச் சிறந்த குடும்ப ஆவணம் வேறில்லை. கோப்பித் துரைமாரும், கண்டிப் பிரதானிகளின் வழியினரும், நகரத்து வணிகரும் இவ்வேடுகளில் வாழ்கின்றனர்.

லயத்துத் தொழிலாளி அவற்றில் வாழவில்லை. அவன் எதை எழுதி வைப்பான்? குடியிருந்த அறை தோட்டத்துக்குரியது. அறைக்கு முன்னால் கீரை போட்ட பாத்தியும் தோட்டத்துக்குரியது. தொழில் நின்றால் அறையும் போகும். செம்பு, கம்பளி, மாரியம்மனுக்கு முடிந்து வைத்த காசு இவற்றுக்கு எந்த நீதிமன்றமும் ஏடு திறப்பதில்லை. அவன் பெயரால் இருந்தது பெரும்பாலும் கடனே. அந்தக் கடன் மட்டும் தவறாமல் எழுதப்பட்டது.

கடன் எழுதப்பட்ட விதத்தை அறிந்தால்தான் பெயர் எழுதப்படாத விதமும் புரியும். கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் எல்லோரும் பெயரின்றிப் போகவில்லை. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் நேட்டாலுக்குச் சென்றவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது; பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் அதில் உண்டு. மொரிஷியசிலே மோக்கா என்ற இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேறியோரின் பதிவேடுகள் பேணப்படுகின்றன. பலருடைய புகைப்படங்களும் அவற்றில் உள. அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். ஒப்பந்தம் கொடியதுதான், ஆயினும் ஆளுக்கொரு தாளில் எழுதப்பட்டது.

இலங்கைக்கு வந்தோர் கங்காணி முறையில் வந்தவர்கள். பாக்கு நீரிணை ஒடுங்கியது, வழிச்செலவு சொற்பம், துரைமாருக்குக் கோப்பி பறிக்கும் பருவத்துக்கு ஆள் வேண்டும். ஆகவே 1847-இலேயே இந்திய அரசு இலங்கைப் பயணத்தைக் குடிபெயர்வுக் கட்டுப்பாடுகளினின்றும் விலக்கிவிட்டது. கங்காணி தன் ஊரில் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகத் திரட்டினான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடத்தி வந்தான். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்க்குள் இன்றும் ஒருமித்த கணக்கில்லை. பெயர் எழுதாத இடத்தில் கணக்கு எப்படி ஒருமிக்கும்? வந்தவனின் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அத்துண்டைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921-இல்தான் துண்டுமுறை ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் குறியீடும் ஆளின் இலக்கமும் துளையிட்ட தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் அதைப் பார்த்தே ஆளை அறிந்தார்கள். அஞ்சல் பொதிக்கு முகவரி எழுதுவது போல மனிதனுக்கு முகவரி எழுதினார்கள்.

எழுத்தே இல்லை என்று சொல்லவும் முடியாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1867-இல் சட்டம் வந்தது. தோட்டங்களில் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமை துரையின் மேல் விழுந்தது. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் போட்டான். ஆனால் அந்தப் பெயர் அவன் காதில் விழுந்த பெயர். அதை ஆங்கில எழுத்தில் அவன் எழுதிய விதம் அன்றைய அவசரத்தைப் பொறுத்தது. ராமன், ராமசாமி, ராமையா மூவரும் ஒருவரே என்பது லயத்துக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது. தாய்வீட்டுப் பிரசவத்துக்கென்று இராமநாதபுரத்துக்கோ திருச்சிக்கோ சென்றவள் குழந்தையோடு திரும்பி வந்தால், அக்குழந்தை இலங்கையின் எந்த ஏட்டிலும் பிறக்கவில்லை.

இப்படி ஒரு நூற்றாண்டு கழிந்தபின், இந்த மக்களை நோக்கி அரசு ஒரு கேள்வி கேட்டது. சுதந்திரம் கிடைத்த அதே 1948-ஆம் ஆண்டில் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்ட இயலாவிடின், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இந்நாட்டிற் பிறந்ததைக் காட்ட வேண்டும். இதுவே வமிசவழிப் பிரஜைக்குரிய இலக்கணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1920-இல் பிறந்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால், தந்தை பிறந்தது 1895, பாட்டன் 1870, பூட்டன் 1845. பிறப்புப் பதிவுச் சட்டமோ 1867-இல்தான் வந்தது! அரசு பதிவேடு திறப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பிறந்த ஒருவருக்கு, எழுத்தறியாத அவருடைய பூட்டப்பிள்ளை பிறப்பு அத்தாட்சி கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் அத்தகைய பத்திரம் கிடையாது. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. சட்டம் எல்லோர்க்கும் பொதுவான சொற்களில் எழுதப்பட்டது. கேள்வியோ ஒரு சாராரிடம் மட்டும் கேட்கப்பட்டது.

அச்சட்டம் தாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கொழுந்து பறித்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியவள் பெண். அவள் இங்கே பிறந்தாளா, அவளுடைய தாய் இங்கே பிறந்தாளா என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டாகவில்லை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, தாய்வழியும் வழியாக ஏற்கப்பட்டது.

1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது போலக் காட்டிற்று. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அவ்வாண்டிலேயே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதார் வாக்குரிமை இழந்தனர். 1947-இல் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலையிலிருந்து சென்ற கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை அவருள் ஒருவர். அடுத்த தேர்தலில் அம்மக்களுக்கு வாக்குச்சீட்டே இல்லை. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று 1953-இல் தோற்றது.

முதலில் பகிஷ்கரித்து, பின்னர் கடைசி மாதங்களில் மக்கள் விண்ணப்பங்களோடு ஓடினர். இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பல்லாண்டு விசாரணைக்குப் பின் உரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே.

அவ்வாறு விண்ணப்பித்தவருள் எம் தாத்தாவும் ஒருவர். விசாரணைக்கென்று கண்டி நகருக்கு மூன்று முறை நடந்தார் என்று அப்பாயி சொல்லுவார். செக்ரோலில் இருந்த பெயருக்கும் விண்ணப்பத்தில் இருந்த பெயருக்கும் பிற்பாதி ஒத்துவரவில்லை. “நான்தானே ஐயா அவன்” என்று அவர் சொன்னது எந்தக் கோவையிலும் ஏறியிராது. விண்ணப்பம் தள்ளப்பட்டது. இறக்கும்வரை அவர் நாடற்றவராகவே இருந்தார். இறந்தபின் புதைந்த மண் மட்டும் இந்நாட்டு மண்.

இங்கே கண்டிச் சீமையின் பழைய கதையொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்றது. கண்டிப் பிரதேசத்தில் சேனை நிலத்துக்குச் சன்னதமோ தக்க பத்திரமோ காட்டவேண்டும் என்றது. பரம்பரை பரம்பரையாக மாடு மேய்த்த, சேனை வெட்டிய விவசாயியிடம் காகிதம் ஏது? அவன் அனுபவித்த நிலம் கோப்பித் தோட்டமாக விலைப்பட்டது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்யவே எம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். 1840-இல் சிங்கள விவசாயியிடம் காகிதம் கேட்டு நிலத்தைப் பறித்தார்கள். 1948-இல் தமிழ்த் தொழிலாளியிடம் காகிதம் கேட்டு நாட்டைப் பறித்தார்கள். கேட்டவர் வேறு; முறை ஒன்று. எழுதும் அதிகாரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டவர், எழுதப்படாததை மற்றவர் குற்றமாக்கினர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவரென எண்ணும்படி செய்யப்பட்டதே எல்லாவற்றிலும் பெரிய சோகம்.

பிறகு நிகழ்ந்ததை ஊர் அறியும். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 மனிதரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்க்கப்படும் என்று எண்களாலேயே பேசி முடித்தனர். 1974-இல் அந்த எச்சத்தையும் செம்பாதியாகப் பகிர்ந்தனர். கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் முன் கடவுச்சீட்டுக்காக நின்ற கூட்டத்தை முதியோர் இன்னும் சொல்வர். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. எம் தாத்தாவின் தம்பி அதில் ஏறிச் சென்றவர். 1971-இல் 1,174,606 ஆக இருந்த ‘இந்தியத் தமிழர்’ தொகை 1981-இல் 818,656 ஆகக் குறைந்தது. குடிசன மதிப்பீட்டில் இது ஒரு கழித்தற் கணக்கு. எம் வீட்டில் அது அப்பாயி தனியே நட்டு வளர்த்த மல்லிகைச் செடி; போனவர் வைத்துப் போன செடி.

1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டமும் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமையை வழங்கின. 1948-இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஆனால் நாடு கிடைத்தபின்னும் அந்த வெறுங்கோடு நிரம்பவில்லை.

அதனை நிரப்ப வழியே இல்லையா? ஓரளவு உண்டு. எமது தேடலில் கற்றதைச் சொல்கிறோம். முதலில் தோட்டத்தின் இரு பெயர்களையும் அறிக. ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றுமாக இருக்கும்; ஏட்டில் ஒன்றும் பாட்டியின் வாயில் மற்றதும் இருக்கும். அடுத்து, பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பெயரை மட்டும் தேடாமல் அதன் எல்லா வடிவங்களையும் தேடுக. தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பைப் பார்க்க. கிறிஸ்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். 1854-இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் ஆட்களைப் பெயர் சொல்லி எழுதியது. பெரிய கங்காணிமார் சிலர் சொத்து வைத்து இறந்தவர். அவர்களுடைய மரணசாதன வழக்குகளில் தொழிலாளரின் கடன் சொத்தாகக் கணக்கிடப்பட்டிருந்தால், கடனாளியின் பெயரும் அங்கே இருக்கக்கூடும். எம் பூட்டனாரின் பெயரைக் கடைசியில் ஒரு பிறப்புப் பதிவிலே கண்டோம்: எம் தாத்தாவின் தந்தை என்ற நிரலில். விசாரணையில் குறைந்திருந்த அந்தப் பிற்பாதி அங்கே முழுமையாக இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு வரி எம் தாத்தாவின் கையில் இருந்திருந்தால் எம் குடும்பத்தின் கதை வேறாகியிருக்கும்.

ஏடுகளைவிட விரைவாக அழியும் களஞ்சியம் ஒன்று உண்டு. அது முதியோரின் நினைவு. 2023-இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைக் கால்கள் கண்டுகொண்டன. நடந்த முன்னோரின் பெயர்களைக் கண்டுகொள்ளும் வேலை நம் முன் கிடக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்றுக்காகவோ அரசு ஒன்றுக்காகவோ காத்திருக்கத் தேவையில்லை. மலையகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேடு திறக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தின் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து, தந்தைவழிப் பெயர்களோடு தாய்வழிப் பெயர்களையும் கேட்டு எழுதலாம். கேட்ட நாள், சொன்னவர், தோட்டம், டிவிசன் இவற்றையும் குறிக்கலாம். நாளை ஒரு சட்டம் கேட்கும் என்பதற்காக அன்று. நம் பிள்ளை கேட்கும் என்பதற்காக.

ஹந்தானை மாணவன் இரண்டு மாதங்களுக்குப் பின் தன் தாளைத் திரும்பக் கொண்டுவந்தான். தந்தைவழிக் கோடு இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஆனால் அதன் பக்கத்திலே புதிதாக ஒரு கோடு வரைந்து, அம்மாயி சொன்னதாகத் தாய்வழியில் நான்கு பெண்களின் பெயர்களை எழுதியிருந்தான். நால்வரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். சட்டம் கேட்காத அந்த நான்கு பெயர்களையும் நாம் எமது பாடசாலைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.